அந்நியருக்கு ஓர் இடம்

யூதர் அனைவரும் உரோமாபுரியை விட்டுப் போகவேண்டுமென்று கிலவுதியு இராயன் கட்டளையிட்டபோது, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் வீடிழந்து கொரிந்து பட்டணத்துக்கு வந்தார்கள். கூடாரம்பண்ணிப் பிழைத்த அத்தம்பதியர் அங்கே பவுலைத் தம்மோடு தங்கவைத்தனர். பின்னர் எபேசுவில், அலெக்சந்திரியாவைச் சேர்ந்த அப்பொல்லோவின் அறிவில் குறை கண்டபோது, சபை நடுவே அவரைத் திருத்தவில்லை. தம்மிடம் அழைத்துச் சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18). துரத்தப்பட்டவர்களே அந்நியருக்குக் கதவைத் திறந்தார்கள்.

கடந்த நூற்றாண்டிலும் இவ்வாறான ஒரு தம்பதியர் இருந்தனர். அமெரிக்க மிஷனரிகளான பிரான்சிஸ் ஷேபரும் அவர் மனைவி ஈடித்தும் 1948இல் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார்கள். சமயச் செல்வாக்கைக் காரணங்காட்டி வலே மாநிலத்தை விட்டு வெளியேறுமாறு 1955இல் அவர்களுக்கு உத்தரவு வந்தது. நான்கு பிள்ளைகளோடு அயல் மாநிலத்தின் உவேமோ என்னும் மலைக்கிராமத்தில் குடியேறி, அதே ஆண்டில் தங்கள் வீட்டையே ‘லாப்ரி’ ஆக்கினார்கள். பிரெஞ்சு மொழியில் அதன் பொருள் புகலிடம்.

முதலில் மூத்த மகளின் பல்கலைக்கழகத் தோழர்கள் வார இறுதியில் வந்தனர். பின்னர் செய்தி பரவி, பல நாட்டு இளைஞர்கள் வந்தனர். விசுவாசிகளும் நாத்திகரும் போதைக்கு அடிமையானோரும் அவர்களுள் இருந்தனர். நாற்பதைக் கடந்த அத்தம்பதியரின் மேசையில், தாய்நாட்டை விட்டு வந்தவன் பசியாறினான். தயங்காமல் கேள்வியும் கேட்டான். பிரசங்கபீடத்தின் முன் அமர்ந்தவன் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரே பாத்திரத்திலிருந்து உணவெடுப்பவனோ தன் சந்தேகத்தையும் துணிந்து சொல்வான். எளிய உணவாயினும் மேசையில் மலர் வைத்துப் பரிமாறுவது ஈடித்தின் வழக்கம். வந்தவன் பாரமல்ல, விருந்தினன் என்பதை அம்மலர் அறிவித்தது.

இதற்கு விலையும் இருந்தது. முதல் சில ஆண்டுகளிலேயே தங்கள் திருமணப் பரிசுப்பொருட்கள் அழிந்தன, படுக்கை விரிப்புகள் கிழிந்தன, கம்பளங்களில் நெருப்புத் துளைகள் விழுந்தன என்று பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். ஆயினும் அவர்கள் மனிதரிடம் பணம் கேட்கவில்லை. தேவைகளை ஜெபத்தில் தேவனிடமே கொண்டுசென்றார்கள். பிரான்சிஸ் 1984இலும் ஈடித் 2013இலும் மறைந்தனர். உவேமோவின் புகலிடம் இன்றும் விருந்தினரை ஏற்கிறது.

பிரியமானவர்களே, இடம்பெயர்வின் வேதனையை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. கடல் கடந்து சென்ற நம் பிள்ளைகளுக்கு, முகமறியாத எத்தனையோ பேர் தங்கள் மேசையில் இடமளித்திருக்கிறார்கள். நம் ஊரில் படிக்க வந்த மலையக மாணவனும், வாடகை அறையில் தனித்து உண்ணும் இளைஞனும் நம் வீட்டுக்குள் அழைக்கப்பட்டார்களா? எம்மாவூர்ச் சீஷர்கள் வழியில் கண்ட அந்நியரை வருந்தி அழைத்தார்கள். அவர் அப்பத்தைப் பிட்டபோதே அவர் ஆண்டவரென்று அறிந்தார்கள். அழைக்காதிருந்தால் அறியாமலே போயிருப்பார்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்புகையில், தனியே நிற்கும் ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். அதற்குரிய மனதைக் கர்த்தர் நமக்குத் தருவாராக.