பழைய எஞ்சின் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கிணற்றில் தண்ணீர் இருந்தும் மின் இணைப்பு கிடைக்காத சிறு விவசாயிகள் டீசல் எஞ்சினையே நம்பியுள்ளனர். புதிய எஞ்சின் வாங்க வசதியில்லாதவர்கள் பழையதைத் தேடுகின்றனர். இதில் தவறில்லை. நன்கு பராமரிக்கப்பட்ட பழைய எஞ்சின் மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் கடன் பட்டு வாங்கிய எஞ்சின், நெல் பூக்கும் தருணத்தில் நின்றுவிட்டால், கொடுத்த பணத்தோடு பயிரும் போய்விடும். ஆகவே முன்பணம் கொடுக்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் அவசியம்.

குளிர்ந்த எஞ்சினையே பார்க்கவும்

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றை, பிஸ்டன் ஏறத்தாழ 16 முதல் 18-இல் ஒரு பங்காக அழுத்துகிறது. இந்த அழுத்தத்தில் காற்று மிகவும் சூடாகி, அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ரிங்குகளும் லைனரும் தேய்ந்திருந்தால் காற்று கசிந்துவிடும். போதிய சூடு உண்டாகாது. இத்தகைய எஞ்சின் காலையில் எளிதில் கிளம்பாது. ஆனால் ஒருமுறை சூடேறிவிட்டால் நல்ல எஞ்சினைப் போலவே ஓடும்.

விற்பவர் நீங்கள் வருமுன் எஞ்சினை ஓட்டி வைத்திருந்தால் இந்தக் குறை மறைந்துவிடும். எனவே முதலில் சிலிண்டரின் மேல் பகுதியையும் புகைப்போக்கியையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். ஒரு நாள் பஸ் கட்டணம் பெரிய நஷ்டமல்ல.

கையால் சுற்றிப் பார்த்தல்

எஞ்சினை நிறுத்திய நிலையில் வீலைக் கையால் மெதுவாகச் சுற்றவும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பிஸ்டன் காற்றை அழுத்தும்போது வீல் முரண்டு பிடித்துப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தடையின்றி இலேசாகச் சுழன்றால் ரிங், லைனர் அல்லது வால்வு கெட்டுள்ளது என அறியலாம். வீலை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துள்ளது. ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கிளப்பும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கவும். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் விரல் முறியாமல் இருக்கும்.

ஆயில் சொல்லும் சேதி

டீசல் எஞ்சினில் ஆயில் கறுத்திருப்பது இயல்பே. அது மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். புத்தம் புதிய ஆயில் ஊற்றியிருந்தால் பழைய ஆயிலின் நிலையை அறிய வழியில்லை. அப்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆயிலை வடிக்கும் அடித் திருகைச் சற்றே தளர்த்தச் சொல்லுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. இரவு முழுவதும் நின்ற எஞ்சினில் அது அடியில் தங்கி முதலில் சொட்டும். ஆயிலை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். உலோகத் துகள் மின்னினால் உள்பாகங்கள் அரைபட்டு வருகின்றன.

புகையின் நிறம்

எஞ்சின் கிளம்பியதும் சில விநாடிகள் வெண்புகை வரலாம். அது நிற்காமல் வந்தால் டீசல் முழுதும் எரியவில்லை, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கும் லைனரும் மாற்ற நேரிடலாம். கரும்புகைக்கு நாசில் கோளாறு, காற்று வடிகட்டி அடைப்பு, அளவுக்கு மீறிய பளு ஆகியவை காரணங்கள். இவை பெரும்பாலும் குறைந்த செலவில் சரியாகும்.

எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கவும். அங்கிருந்து புகை குப்குப்பென்று வந்தால் ரிங் வழியே காற்று கீழே இறங்குகிறது. தண்ணீர்த் தொட்டி வைத்துக் குளிரூட்டும் எஞ்சினாயின் தொட்டியில் தொடர்ந்து குமிழி வருகிறதா எனக் கவனிக்கவும். வந்தால் ஹெட் கேஸ்கட் பழுது. கடைசியாக, பம்பை இணைத்து ஒரு மணி நேரமாவது தண்ணீர் இறைக்கச் செய்யவும். பளு இல்லாமல் ஓடும் எஞ்சின் தன் குறைகளைக் காட்டாது.

வெள்ளமும் உப்பும்

சென்னைப் பக்கம் எஞ்சின் வாங்குவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் நகரில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கார், வேன் எஞ்சின் வாங்குவோர், அது நீரில் மூழ்கியதா என்று பார்ப்பது நல்லது. மூழ்கிய எஞ்சினைக் கிளப்ப முயன்றால், தண்ணீர் காற்றைப் போல அழுந்தாததால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெளியே கழுவிப் பெயிண்ட் அடித்தாலும், காற்று வடிகட்டிப் பெட்டியின் மூலையிலும் டைனமோவின் பின்புறத்திலும் வண்டல் படிந்திருக்கும்.

நொச்சிக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்களில் படகுகளில் ஓடிய எஞ்சின்களும் விற்பனைக்கு வரலாம். நீண்ட தண்டு பூட்டிப் படகை ஓட்டும் டீசல் எஞ்சினும், கிணற்று நீரை இறைக்கும் எஞ்சினும் வேலை செய்யும் விதத்தில் ஒன்றே. ஆனால் கடல் எஞ்சின் உப்பில் உழைத்தது. அலுமினியப் பாகங்களில் வெண்பொடியும் செம்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பும் இருந்தால் உப்பு அரித்துள்ளது. போல்ட்டுகள் துருவேறிப் பருத்திருந்தால் கழற்றும்போது முறியும். கடலிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரால் துடைத்து, ஆயில் தடவிப் பாதுகாத்த எஞ்சினாயின் தயங்காமல் பரிசீலிக்கலாம்.

விலை பேசுமுன்

எஞ்சின் எண் தெளிவாக இருக்கிறதா எனப் பார்க்கவும். அரத்தால் தேய்த்து அழிக்கப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம். வாகனத்தில் பொருத்தும் எஞ்சினாயின் புதிய எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். உதிரி பாகங்கள் உங்கள் ஊருக்கு அருகில் கிடைக்குமா என்பதையும் விசாரிக்கவும்.

விற்பவரைச் சாராத மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, ரிங், லைனர், நாசில், பேரிங் ஆகியவற்றில் எவை மாற்ற வேண்டும், என்ன செலவாகும் என்று எழுதி வாங்குங்கள். அதை எஞ்சின் விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை புதிய எஞ்சினின் விலையை நெருங்கினால் புதியதே சிக்கனம். மிகக் குறைவாக இருந்தால், ரசீது பெற்று வாங்கலாம். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பிக் காட்ட மறுப்பவரிடம் மட்டும் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.