பழம் ஒண்ணு... கணக்கு பல!

ஆபீஸ் கேன்டீனில் தின்ற மசால் தோசைக்கு எத்தனை கலோரி என்று செல்போனைத் தட்டிப் பார்க்கிற ஆசாமியா நீங்கள்? அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததுண்டா?

எங்கோ ஒரு லேபில் யாரோ உணவை அரைத்து, உலர்த்தி, எரித்துப் பார்த்து எழுதிய அட்டவணைதான் அதற்கு மூலம். அமெரிக்காவில் அட்வாட்டர் என்பவர் 1896-ல் இப்படி ஒரு பெரிய பட்டியலை அச்சிட்டார். நம் நாட்டில் அந்த வேலை நடந்தது... சாட்சாத் குன்னூரில்! அங்கிருந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் அய்க்ராய்ட், 1937-ல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபோய்விட்டது. அய்க்ராய்ட் அதற்கு முன்பே, ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனத்தில் சத்துணவுப் பிரிவின் முதல் டைரக்டராகி, குன்னூரை விட்டுப் பறந்துவிட்டார்.

நாட்டுக்கு நாடு பட்டியல் வந்தாச்சு. கூடவே தகராறும் வந்தாச்சு. மாவுச்சத்தையே எடுங்கள். ஒரு நாட்டில் சர்க்கரை, ஸ்டார்ச் என்று தனித்தனியாக அளந்து கூட்டுவார்கள். இன்னொரு நாட்டில் தண்ணீர், புரதம், கொழுப்பு, சாம்பல் எல்லாவற்றையும் நூறிலிருந்து கழித்துவிட்டு, 'மிச்சம் இருக்கே, அதான் மாவுச்சத்து' என்பார்கள். அந்த மிச்சத்துக்குள் நார்ச்சத்தும் ஓசியில் ஏறிக்கொள்ளும். (மாசக் கடைசியில் பர்ஸில் மிஞ்சுவதை நாம் 'சேமிப்பு' என்கிறோமே, அந்த மாதிரி!)

வைட்டமின் ஏ கதை இன்னும் ஜோர். காரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை 6-ஆல் வகுத்தது பழைய கணக்கு. 2001-ல் அமெரிக்க நிபுணர்கள் 12-ஆல் வகுக்கச் சொன்னார்கள். அதே காரட்தான். வைட்டமினில் மட்டும் பாதி காணோம்!

இந்தக் குளறுபடியைச் சரிபண்ண 1984-ல் ஐ.நா. பல்கலைக்கழகத்தின் ஆதரவில் பிறந்ததுதான் 'இன்ஃபுட்ஸ்' என்கிற சர்வதேசக் கூட்டணி. பிற்பாடு உணவு விவசாய நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கூட்டணி செய்த காரியம் ரொம்ப சிம்பிள். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி சுருக்கப்பெயர். கழித்துக் கண்டுபிடித்த மாவுச்சத்துக்கு ஒன்று, அளந்து கூட்டியதற்கு வேறொன்று. பட்டியல் கைமாறினாலும் ஆள்மாறாட்டம் நடக்காது.

'இதெல்லாம் குமாஸ்தா வேலைதானே சார்?' என்பீர்கள். பசிபிக் கடலில் மைக்ரோனேசியா என்றொரு தீவு நாடு. 1990-களில் அங்கே குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைபாடு படுமோசம். பார்வைக்கே ஆபத்தான சமாசாரம். வீட்டுப் புழக்கடையிலோ 'கராட்' என்று ஒரு வாழை! சதை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கைக்குழந்தைகளுக்குப் பாட்டிமார் ஊட்டிய பழம். இறக்குமதி அரிசி வந்த பிறகு அதைச் சீந்துவாரில்லை. உலகச் சந்தையின் சாதா வாழைப்பழத்தில் நூறு கிராமுக்கு இருபது மைக்ரோகிராம் போலத்தான் பீட்டா கரோட்டின். அட்டவணையில் 'வாழைப்பழம்' என்று ஒரே வரி இருந்தால், கராட்டுக்கும் அதே மார்க்தான். லோயிஸ் எங்கல்பெர்கர் என்ற பெண்மணி விடாப்பிடியாக மாதிரிகளை லேபுக்கு அனுப்பிச் சோதிக்க வைத்தார். கராட்டில் நூற்றுக்கணக்கில் ஆரம்பித்து 2,000-த்தைத் தாண்டியது அளவு! மருந்து தோட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நம் ஹைதராபாத் கூடம் 2017-ல் 528 உணவுகளைப் புதிதாக அளந்து பட்டியல் போட்டது. அதில் மொந்தன், பூவன், செவ்வாழை, ரோபஸ்டா எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. 'கரகாட்டக்காரன்' கவுண்டமணியே வந்து பழத்துக்குக் கணக்கு கேட்டாலும், 'அண்ணே, எந்த ரகம்?' என்று செந்தில் இனி திருப்பிக் கேட்கலாம்.