உப்புத் தண்ணிக் கறைக்கு வினிகர் போதும், ஆசிட் வேண்டாம்



நம்ம பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் குளியலறையைப் பார்த்தாலே அங்கே வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். குழாய் மூக்கில் வெள்ளை பூத்திருக்கும். பக்கெட்டின் உள்பக்கம் சிவப்பா, நீலமா என்றே தெரியாது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று போர் தண்ணியை நம்பியிருக்கும் வீடுகளில் எல்லாம் இதே கதைதான். "தேய்ச்சு தேய்ச்சு கைதான் தேயுது, கறை போகலக்கா" என்று குழுக் கூட்டத்தில் சொல்லாத உறுப்பினர் இல்லை. கடைசியில் என்ன செய்கிறோம்? தெருவில் வரும் பாத்ரூம் ஆசிட்டை வாங்கி ஊற்றுகிறோம்.

எங்கள் குழு சகோதரி ஒருவர் அப்படித்தான் கழிவறையில் ஆசிட் ஊற்றினார். கறை சரியாகப் போகவில்லை என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவிவிட்டார். உடனே பச்சை மூச்சு விட முடியாமல் நெஞ்சு அடைத்து, கண் எரிந்து, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். கதவு திறந்திருந்ததால் தப்பித்தார். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத சின்னக் கழிவறையில் அது உயிருக்கே ஆபத்து. அதற்குப் பிறகுதான் "ஆசிட் இல்லாமல் வேறு வழி உண்டா?" என்று விசாரித்து, எங்கள் வீடுகளிலேயே வினிகரைப் போட்டுப் பார்த்தோம். பார்த்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த வெள்ளை என்ன என்று தெரிந்துகொள்வோம். உப்பு உப்பு என்கிறோமே தவிர, அது சமையல் உப்பு இல்லை. பூமிக்கடியில் பாறைக்குள் தங்கும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். தண்ணீர் காய்ந்ததும் அவை மட்டும் பொருக்காகத் தங்கிவிடும். காய்ச்சினால் இன்னும் அதிகம்; வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் வரும் சீட்டில் 'மொத்தக் கடினத்தன்மை' என்று ஒரு வரி இருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்றுக்கொள்வார்கள். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவதும், தலைமுடி சிக்காவதும் இதனால்தான்.

சுண்ணாம்பு புளிப்பில் கரையும். இது நம் பாட்டிமார்களுக்குத் தெரியாததா? இட்லிப் பானைத் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ, பிழிந்த எலுமிச்சம்பழத் தோலோ போடுகிறோம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். வினிகர், அதாவது காடி, அதே புளிப்பு ஜாதிதான். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு நாலைந்து பங்குதான் இருக்கும், மீதி தண்ணீர். பொருக்கின் மேல் ஊற்றினால் சின்னச் சின்னக் குமிழ் வரும். சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம்.

வாங்க வேண்டியது வெள்ளை வினிகர். மளிகைக் கடையில் ஊறுகாய்க்கும் சைனீஸ் சமையலுக்கும் விற்பார்களே, அதுதான். லேபிளில் 'செயற்கை வினிகர்' என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை, துடைக்கத்தானே! ஆப்பிள் வினிகருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். "கெமிக்கல் கடையில் கெட்டி அசிட்டிக் ஆசிட் வாங்கி நாமே தண்ணி கலந்தா இன்னும் மலிவுதானே" என்று ஒரு சகோதரி கேட்டார். வேண்டவே வேண்டாம். அது தோலைப் பொசுக்கிவிடும். அதை வாங்கி வைத்தால் ஆசிட் பாட்டில் திரும்ப வீட்டுக்கு வந்த மாதிரிதான்.

குழாய்க்கு இப்படிச் செய்யுங்கள். ஒரு பழைய துணியை வினிகரில் நனைத்துக் குழாய் மூக்கில் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அரை மணி நேரம் போதும். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் குழாயின் பளபளப்பு போய்விடும். பிளாஸ்டிக் பக்கெட்டும் மக்கும் அப்படி இல்லை, ராத்திரி முழுக்க ஊறலாம். பக்கெட் நிறைய வினிகர் ஊற்றத் தேவையில்லை. நனைத்த துணியை உள்பக்கம் ஒட்டி வைத்தால் ஒரு டம்ளரில் வேலை முடியும். பல வருஷப் பொருக்கு ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ஆசிட் உடனே போக்கிவிடும், வினிகருக்குப் பொறுமை வேண்டும்.

துணிக்கு வருவோம். துவைத்த துணி காய்ந்த பிறகு விறைப்பாக, பலகை மாதிரி நிற்கிறதா? துண்டு உடம்பைக் கீறுகிறதா? தண்ணீரின் சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்த பிசுக்கு நூலில் தங்கிவிட்டது. கடைசி அலசலுக்கு அரை பக்கெட் தண்ணீரில் கால் டம்ளர் வினிகர் விட்டு, ஐந்து நிமிஷம் துணியைப் போட்டுப் பிழிந்து வெயிலில் காயப்போடுங்கள். துண்டு மெத்தென்று ஆகும், வேர்வை வாடையும் குறையும். வினிகர் வாடை வெயிலில் போய்விடும். சோப்புத் தண்ணீரிலேயே வினிகரை ஊற்றாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். சமையல் சோடாவோடு கலந்து பொங்க வைப்பதும் அப்படித்தான். பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், பொங்கி முடிந்ததும் புளிப்பு செத்துவிடும். சாயம் போகும் புதுப் புடவையை வினிகர் பிடித்து நிறுத்தும் என்பதையும் நம்ப வேண்டாம். பட்டு, சரிகை பக்கம் கொண்டு போகாதீர்கள். வாஷிங் மெஷினில் தினமும் ஊற்றினால் ரப்பர் கெட்டுப்போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் கடைசி அலசலுக்கு வினிகரே தேவைப்படாது. மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தாச்சு. குழாய் மாடியிலிருந்து கீழே வருகிறது, டிரம் ஒன்றுதான் பாக்கி.

இனி முக்கியமான எச்சரிக்கை. நம் வீட்டு அடுப்பு மேடை பெரும்பாலும் கடப்பா கல். அது சுண்ணாம்புக் கல் வகை. வினிகர் சிந்தினால் பளபளப்பு போய் வெளுத்த தழும்பு விழும். பாலிஷ் போட்டால்தான் சரியாகும். மார்பிளுக்கும் மொசைக் தரைக்கும் இதே கதிதான். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றி மறந்துவிடாதீர்கள், புள்ளிப் புள்ளியாக அரித்துவிடும். இரும்புச் சத்துள்ள தண்ணீரால் வரும் செம்மண் நிறக் கறைக்கு வினிகர் அவ்வளவாகக் கேட்காது. அதற்கு எலுமிச்சை உப்பு ஒரு ஸ்பூன் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துப் போட்டால் நல்ல பலன்.

கிருமியைக் கொல்ல வினிகரை நம்பாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது யாருக்கும் மறக்காது. அந்த மாதிரி சாக்கடை கலந்த தண்ணீர் வடிந்த பிறகு பிளீச்சிங் பவுடர்தான் போட வேண்டும். ஆனால் பிளீச்சிங் போட்ட இடத்தில் வினிகரும் கூடாது. வினிகர் லேசானதுதானே என்று நினைக்க வேண்டாம், அதனாலும் அதே குளோரின் வாயு கிளம்பும். ஒன்றைப் போட்டால் அன்றைக்கு மற்றதைத் தொடாதீர்கள். தெரியாமல் கலந்துவிட்டால் கழுவிவிடலாம் என்று அங்கேயே நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"ஆசிட் இதைவிட மலிவாச்சே?" என்பீர்கள். பாட்டிலுக்குப் பாட்டில் பார்த்தால் மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அரை லிட்டர் வினிகரில் ஐம்பது மில்லி வீதம் பத்துத் தடவை துணி அலசலாம். ஆசிட் ஊற்றி ஊற்றி டைல்ஸ் நடுவே உள்ள சிமெண்ட் அரித்துத் தண்ணீர் இறங்கினால் கொத்தனாருக்குக் கொடுக்கும் கூலியையும் கணக்கில் சேருங்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும், வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. அப்படிப்பட்ட பொருளைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறோம்! வீட்டில் மீதி இருந்தால் இன்றைக்கே பூட்டி வையுங்கள். வினிகர் பாட்டிலிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள், பார்வைக்கு அது பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டுக்கு ஒரு உப்பு படிந்த மக் எடுத்து வாருங்கள். கூட்டம் ஆரம்பிக்கும்போது ஊற வைத்து, கடன் விண்ணப்பங்கள் பேசி முடித்ததும் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிடுவோம்.