பூங்காவின் பின்வாசல்

குத்தம்பாக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்குப் பூங்கா புதிதன்று. பெங்களூர் நெடுஞ்சாலைக்கு அருகே, பழஞ்சூரில் குயின்ஸ்லேண்ட் பூங்கா 2003-ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. பேருந்து அவ்வழியே போகும்போதெல்லாம் சிறுவர்கள் சன்னலோரம் நெருக்கியடித்துக்கொண்டு கழுத்தை நீட்டுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

சென்ற கோடை விடுமுறையில் நம் மறைக்கல்வி மாணவரையும் பெற்றோர் சிலரையும் அழைத்துக்கொண்டு வேறொரு பூங்காவுக்குச் சென்றோம். இராட்டினம் ஒன்றின் வாயிலில் உயரம் அளக்கும் கோல் நடப்பட்டிருந்தது. நம் சிறுவன் ஒருவன் அக்கோட்டுக்கு ஒரு விரற்கடை குறைந்தான். ஊழியராக நின்ற இளைஞர் அவனை ஏற்ற மறுத்துவிட்டார். பையனின் கண்கள் கலங்கின, தந்தை சினந்தார். நாமும் சும்மா இருக்கவில்லை. "ஒரு விரற்கடைதானே தம்பி, விட்டுவிடக் கூடாதா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம். அந்த இளைஞரோ குரலை உயர்த்தாமல், "மன்னிச்சுக்குங்க ஃபாதர், கம்பி அவன் மடியில சரியா உட்காராது" என்று மட்டும் சொன்னார்.

வீடு திரும்பிய பின்னும் அச்சொற்கள் நம்மை விடவில்லை. இப்பூங்காக்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று படித்தும் கேட்டும் அறியத் தொடங்கினோம். அறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

வளைந்து நெளிந்து பாயும் ரோலர் கோஸ்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இயந்திரமே இல்லை என்றால் நம்புவீர்களா? ஒரு சங்கிலி வண்டியை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிடுகிறது. அதன்பின் அது ஓடுவது புவியீர்ப்பினால் மட்டுமே. மேட்டில் ஏறும்போது கேட்கும் 'கடகட' ஓசை அச்சமூட்டுவதற்காக எழுப்பப்படுவதன்று. வண்டியின் அடியிலுள்ள கொக்கி, பாதையிலுள்ள இரும்புப் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து ஏறும் ஓசை அது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கிச் சரியாமல் தாங்குவது அக்கொக்கியே. தண்டவாளத்தின் மேலும் பக்கத்திலும் அடியிலுமாக மூவகைச் சக்கரங்கள் அதனைப் பற்றியிருப்பதால், வண்டி பாதையை விட்டு எழும்புவதில்லை. பயணியின் உடலைப் பிடித்திருப்பதோ மடிமேல் விழும் கம்பி. அக்கம்பி குறிப்பிட்ட உடலளவுக்கென அமைக்கப்பட்டது. அதனினும் சிறிய உடல் நழுவக்கூடும். அந்த ஒரு விரற்கடையின் பொருள் நமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

வாயில் திறக்குமுன்பே பூங்காவின் நாள் தொடங்கிவிடுகிறது. திருகாணிகளைச் சோதிப்போரும், வெற்று வண்டியை ஓட்டிப் பார்ப்போரும், குளத்து நீரை வடிகட்டிக் குளோரின் அளவு பார்ப்போரும் அந்நேரத்தில் அங்கே உழைக்கின்றனர். செயற்கை அலைக்குளத்தில் அலை எழுவது எப்படி? பல குளங்களில், சுவருக்குப் பின்னால் மறைந்துள்ள அறைகளில் பெரிய விசிறிகள் காற்றைச் செலுத்தி நீரை அழுத்துகின்றன. நாம் அலையைக் காண்கிறோம். சுவருக்கு அப்பால் இருப்பதைக் காண்பதில்லை.

இவ்வாறு மறைப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனத்தார். ஃபுளோரிடா மாநிலத்தில் 1971-இல் திறக்கப்பட்ட அவர்களது பூங்காவின் அடியில் ஊழியர்களுக்கென நீண்ட சுரங்கவழிகள் உள்ளன. அந்நிலத்தில் சிறிது தோண்டினாலே நீர் ஊறுமாதலால், அவ்வழிகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, மேலே மண்ணிட்டுப் பூங்காவை எழுப்பினர். எனவே, அங்கே தரையில் நடப்பதாக எண்ணும் மக்கள் உண்மையில் மேல்தளத்தில் நடக்கின்றனர்! குப்பையைக்கூட எவர் கண்ணிலும் படாமல் காற்றுக் குழாய்கள் உறிஞ்சிச் செல்கின்றன. அங்கே கோட்டையின் உச்சிக்குச் செல்லச் செல்லக் கற்களின் அளவைக் குறைத்திருப்பதால், அது உண்மையினும் உயர்ந்து தோன்றுகிறது.

நம் சென்னையிலோ ஒரு மனிதர் எல்லார் கண்முன்னும் நின்றே மறைந்திருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பூங்காவின் 'சிலை மனிதர்' அவர். இலண்டன் அரண்மனைக் காவலரைப் பார்த்து இவ்வேற்பாடு உருவானதாகச் சொல்வர். பல்லாண்டுகளாக, நாள்தோறும் பல மணி நேரம் அவர் அசையாமலும் சிரிக்காமலும் நின்றார். அவரைச் சிரிக்க வைக்க முயலாத சென்னைக் குடும்பங்கள் சிலவே. கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டில் அவர் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி பரவியது. பின்னர் அது பொய்யென்று தெரிந்தது. அச்செய்தியைக் கேட்டுத் திடுக்கிட்டபோதுதான் நம்மில் பலர், 'அவர் பெயர் என்ன? அவருக்குக் குடும்பம் உண்டா?' என்று முதன்முறையாகக் கேட்டோம். அதுவரை நமக்கு அவர் வெறும் சிலையே!

துயரமான செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பூங்காவில், 2016 மே மாதத்தில், இராட்டினம் ஒன்றைச் சோதனையாக ஓட்டியபோது விபத்து நேர்ந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றனர். நம் பிள்ளைகள் ஏறுமுன் தாம் ஏறிப் பார்ப்போர் இவர்கள். பூங்காக்கள் மறைத்து வைத்திருக்கும் பெரிய இரகசியம் சுரங்கமுமன்று, சங்கிலியுமன்று, இம்மனிதர்களே.

அன்புள்ள பெற்றோரே, அடுத்தமுறை இத்தகைய இடங்களுக்குச் செல்லும்போது, உயரக் கோலின்முன் வயதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பட்டையைப் பூட்டச் சொல்பவரைப் பிள்ளைகளின் எதிரில் ஏளனம் செய்யாதீர்கள். இறங்கி வரும்போது, "நன்றி அண்ணா" என்று சொல்லப் பழக்குங்கள். தேர்த் திருவிழாவிலும் மின்விளக்குக் கட்டுபவரும் கொட்டகை போடுபவரும் மறுநாள் குப்பை அள்ளுபவரும் இருக்கின்றனரே, அவர்களையும் மறவாதிருப்போம்.

அந்த இளைஞரிடம் நாம் அன்று நன்றி கூறவில்லை. பெயரையும் கேட்கவில்லை. அச்சிறுவன் இவ்வாண்டு கோட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டான். மீண்டும் அழைத்துச் செல்லும்படி நச்சரிக்கிறான். அழைத்துச் செல்வோம். ஆனால், அவன் வண்டியில் ஏறுமுன் நாம் அந்த வாயிலில் சற்று நின்று, சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.