பங்க் போய்விட்டது, பெட்ரோல் போகவில்லை

கலிபோர்னியாவில் உள்ள சான்டா மோனிகா நகரம் 1996-இல் தன் முக்கியக் குடிநீர்க் கிணறுகளை மூடியது. நகரத்தின் தண்ணீரில் ஏறக்குறையப் பாதியைத் தந்துவந்த சார்னாக் பகுதிக் கிணறுகள் அவை. வாகனப் புகையைக் குறைப்பதற்காகப் பெட்ரோலில் கலக்கப்பட்ட எம்டிபிஇ என்ற வேதிப்பொருள் அந்த நீரில் இருந்தது. காற்றைக் காக்கச் சேர்த்தது, பங்க்குகளின் தொட்டிகளிலிருந்து பூமிக்கடியில் கசிந்து குடிநீரைக் கெடுத்துவிட்டது. எண்ணெய் நிறுவனங்களுடன் 2003-இல் உடன்பாடு கண்டு, கரி வடிகட்டிகள் கொண்ட சுத்திகரிப்பு நிலையம் கட்டி, அந்தக் கிணற்று நீரை மறுபடி குழாயில் விடுவதற்குள் ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அமெரிக்காவின் பழைய பங்க்குகளில் பூமிக்கடியில் புதைத்திருந்தவை பெரும்பாலும் வெறும் இரும்புத் தொட்டிகள். துரு அரித்தது, குழாய் இணைப்புகள் தளர்ந்தன. 1984-இல் இதற்கென்று சட்டம் வந்தது. தொட்டிகளைத் துருப்பிடிக்காதபடி மேம்படுத்த வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும், அல்லது மூட வேண்டும். கெடு 1998 டிசம்பர் 22. செலவுக்கு அஞ்சிப் பல சிறிய பங்க்குகள் கடையைக் கட்டின.

மூடிய பங்க்கில் முதல் வேலை தொட்டியை எடுப்பது. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆபத்து, ஏனென்றால் உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறிக்கே வெடிக்கும். அதனால் உள்ளே உலர் பனிக்கட்டியைப் போட்டு ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டுத்தான் தூக்குவார்கள். பிறகு குழியின் அடிமண்ணை எடுத்துச் சோதிப்பார்கள். துளையிட்டு எடுக்கும் மண்ணில் பழுப்பு நிறம் போய்ச் சாம்பல் கலந்த பச்சை தெரிந்தால், மூக்கருகே கொண்டுபோகும் முன்பே வாடை வந்துவிடும்.

பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கோடையில் நீர் இறங்கும்போது அதுவும் இறங்கும்; மழைக்காலத்தில் நீர் ஏறும்போது, அதில் ஒரு பகுதி மண்ணிடுக்குகளில் சிக்கிக்கொள்ளும். அங்கிருந்து பென்சீன் ஆண்டுக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது. அமெரிக்கக் குடிநீரில் அதற்கு அனுமதி லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான்.

நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால்தான் சரிவு பிடிபடும். நாடாவின் நுனியில் கட்டிய கருவி ஒன்றைக் கிணற்றில் இறக்குவார்கள். எண்ணெயைத் தொட்டால் ஒரு விதமாக ஒலிக்கும், தண்ணீரைத் தொட்டால் வேறு விதமாக. இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம்தான் மிதக்கும் பெட்ரோலின் தடிமன். என்னைக் கேட்டால், மொத்த வேலையின் உயிர்நாடி இந்த அளவைகள்தான். இதில் சிக்கனம் பிடித்துவிட்டு எந்திரங்களை ஓட்டுவது வீண் செலவு.

சுத்தம் செய்யப் பல வழிகள் உண்டு. மேல்மண் என்றால் தோண்டி அப்புறப்படுத்தலாம். ஆழமாக இருந்தால் மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சி எடுப்பார்கள். நீரை இறைத்துக் கரியில் வடிகட்டுவதும் உண்டு, ஆனால் அது மிக மெதுவான வேலை. யாரும் எதிர்பாராத உதவி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிடமிருந்து வந்தது. கலிபோர்னியாவின் கசிவிடங்களை ஆராய்ந்த லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம், பென்சீன் பெரும்பாலும் 250 அடிக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று 1995-இல் அறிவித்தது. அதைத் தின்று தீர்ப்பவை அந்த நுண்ணுயிர்களே. எம்டிபிஇயோ தண்ணீரில் பென்சீனைவிடப் பல மடங்கு கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களுக்கும் எளிதில் அடங்காது. சான்டா மோனிகா தோற்றது அதனிடம்தான். 2003 முடிவோடு அந்தப் பொருளைக் கலிபோர்னியா தன் பெட்ரோலிலிருந்து விலக்கியது.

பங்க் முதலாளி திவாலாகிவிட்டால் யார் பணம் தருவது? 1986-இல் தனி நிதி ஒன்றை ஏற்படுத்தி, பெட்ரோல் கேலனுக்கு 0.1 சென்ட் வரி போட்டார்கள். வாங்குபவர் உணராத அந்தச் சிறு தொகை பெரிய காரியம் செய்திருக்கிறது. இதுவரை உறுதியான 5,60,000க்கும் மேற்பட்ட கசிவுகளில் மிகப் பெரும்பாலானவை சுத்தமாகிவிட்டன. இன்னும் பல்லாயிரம் இடங்கள் பாக்கி.

ஓர் இடத்தின் கசிவுக் கோப்பை அதிகாரிகள் மூடிவிட்டார்கள் என்பதற்காக மண்ணில் எதுவுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஞ்சியிருப்பது யாருக்கும் கேடு செய்யாது என்று அதிகாரிகள் கருதினால் போதும், மூடிவிடலாம். அப்படிப்பட்ட சில மனைகளில் கிணறு வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு நிலப் பத்திரத்திலேயே ஏறியிருக்கும். வாங்குபவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.