பாலாற்று நுண்ணுயிர்களும் உப்பும்

கர்நாடகத்தில் தோன்றிச் சித்தூர் மாவட்டத்துக் குப்பம் வழியே தமிழகம் புகும் பாலாறு, அங்கே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் சீர்கெட்டது. பாசனக் கிணறுகளும் உவர்ப்பாயின.

நன்னீர் நுண்ணுயிர்களே கரிமக் கழிவைச் சிதைத்து ஆற்றைத் தூய்மையாக்குகின்றன. தோல் கெடாதிருக்க இடப்படும் உப்பு ஆற்றில் மிகுந்தால், அவற்றின் செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. பல இனங்கள் மடிய, உப்பைத் தாங்குவன மட்டுமே எஞ்சுகின்றன. எண்ணெய்க் கிணறுகளின் உவர்நீர் கசிந்தாலும் இத்தகைய விளைவே நேரும்.

உயிரியல் முறைச் சுத்திகரிப்பு கரிமப் பொருளை நீக்கும். கரைந்த உப்பை நீக்காது. மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டுமென 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், உப்பைத் தொழிற்சாலையிலேயே பிரித்தெடுத்தால்தான் ஆறு மீளும்.