மலைமாட்டுக்கு மலை வேண்டும்

பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரங்களிலும் கம்பம் பள்ளத்தாக்கின் ஓரங்களிலும் மேயும் மலைமாடு உருவத்தில் சிறியது, பாலும் சொற்பம். ஆனால் கல்லும் முள்ளும் நிறைந்த சரிவில் ஏறி, கிடைத்த புல்லையும் தழையையும் தின்று, தீவனச் செலவில்லாமல் வளரும். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் சாணமும் கோமியமும் அங்கேயே உரமாகிவிடும். கறவைக் கணக்கு மட்டும் பார்த்து இதை ஒதுக்கியது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

டிராக்டரும் கலப்பினப் பசுவும் வந்த பிறகு கிடைகள் சுருங்கின. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. 2022 மார்ச்சில் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சில நாளில் அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவில் சுருக்கிக்கொண்டது. காட்டுமாடுகளுக்குக் கோமாரி தொற்றும் என்ற வனத்துறையின் கவலை நியாயமானதே.

சரி, ஒரு பூங்கா வைத்து இந்த மாடுகளைக் காப்பாற்றிவிடலாமே? மங்கோலியாவின் தாக்கி குதிரை அப்படித்தான் பிழைத்தது. 1960-களின் முடிவில் இயற்கையில் அற்றுப்போன அந்த இனம், விலங்குக்காட்சிச் சாலைகளில் எஞ்சியிருந்தவற்றிலிருந்து பெருகி, 1992-ல் தாய்மண் திரும்பியது. ஆனால் இன்றுள்ள தாக்கிகள் எல்லாமே ஒரு டசன் சொச்சம் மூதாதைகளின் வாரிசுகள். நெருங்கிய உறவில் இனம் சேரும் ஆபத்தைத் தவிர்க்க, எது எதோடு சேரலாம் என்று வம்சாவளிப் பதிவேடு வைத்துத்தான் அவற்றைப் பெருக்கினார்கள்.

மாட்டுக்கும் இதே கணக்குதான். காளைகளின் எண்ணிக்கையைப் பசுக்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுத்தால் ஒரு மந்தையின் மரபியல் பலம் தெரியும். 100 பசுவுக்கு ஒரே காளை என்றால் விடை ஏறக்குறைய 4. 90 பசுவுக்கு 10 காளை என்றால் 36! தலை எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான்; பலம் ஒன்பது மடங்கு. காளைக் கன்றை வேண்டாத சுமையாக விற்றுவிடும் ஊரில் இனம் மெலிவது இப்படித்தான்.

கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. நேர்த்திக்கடனாக வெளியிலிருந்து கன்றுகள் வந்து சேர்வதால், புது ரத்தம் உள்ளே வர அங்கே வழியிருக்கிறது. பக்தியில் தொடங்கிய ஏற்பாடு இனப்பெருக்க அறிவியலுக்கும் ஒத்துப்போவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஆனாலும் தொழுவில் காக்க முடியாத ஒன்று உண்டு. எந்தத் தழையைத் தின்னலாம், எதை ஒதுக்கவேண்டும் என்பதைக் கன்று தாயோடு மேய்ந்துதான் பெரும்பாலும் கற்கிறது. எந்தப் பருவத்தில் எந்த ஓடையில் தண்ணீர் கிடைக்கும் என்பது மேய்ப்பவருக்குத் தெரியும். ஒரு தலைமுறை கட்டுத்தறியிலேயே வளர்ந்தால் இந்தப் பாடம் அறுந்துபோகும். உறைவிந்துக் குச்சியில் இதைச் சேமிக்க வழியில்லை.

எனவே காப்பகத்துக்கு வெளியே உள்ள காட்டோரங்களில் பருவம் பார்த்து மேய்ச்சலுக்கு இடம் ஒதுக்கட்டும். மலையேறும் ஒவ்வொரு மாட்டுக்கும் கோமாரித் தடுப்பூசி கட்டாயமாகட்டும். பொலிகாளைகளைக் கிடைக்குக் கிடை மாற்றிவிடவும், அவற்றின் வம்சாவளியைப் பதிந்துவைக்கவும் கால்நடைத் துறை கிடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும்.